காப்புப் பிரதி மட்டும் போதுமா? எய்ம்ஸ் தரும் பாடம்

புது தில்லி: கணினித் தரவுகளுக்குக் காப்புப் பிரதி எடுத்துவிட்டாலே போதும் என நினைக்கும் நிறுவனங்கள், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அனுபவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி அங்குள்ள 5 சர்வர்கள் சைபர் தாக்குதலுக்கு உள்ளாயின. சுமார் 1.3 டெராபைட் தரவுகள் திறக்க முடியாதபடி முடக்கப்பட்டன. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தையும் ஊழியர்கள் காகிதத்தில் கையால் எழுத நேர்ந்தது. நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர்.

பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வரிலிருந்து "இ-ஹாஸ்பிடல்' தரவுகள் அனைத்தும் மீட்கப்பட்டதாக அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. எனினும், பதிவு, அனுமதி உள்ளிட்ட பெரும்பாலான சேவைகள் சீரடைய 2 வாரங்கள் ஆயின.

தரவுகளைக் காப்பது வேறு. பணியை விரைந்து தொடங்குவது வேறு. பிரதியைப் பிரதான வலையமைப்பிலிருந்து துண்டித்து வேறிடத்தில் வைக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் மீள வேண்டும், எந்தச் சேவையை முதலில் மீட்க வேண்டும் என முன்கூட்டியே முடிவு செய்து, அவ்வப்போது ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு நாள் கணக்கு முடங்கினாலே தள்ளாடும் சிறு நிறுவனங்களுக்கு இது இன்னும் அவசியம்.