மதுரைக் கால்: முள் குத்திய காலும் முடிக்காத மருந்தும்

காலையில் தேனிப் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குள் வரும்போது நின்று பாருங்கள். காய்கறி மூட்டையோடு இறங்குபவர்களுக்கு நடுவே, எக்ஸ்ரே படத்தை மஞ்சப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பவர்களும் இருப்பார்கள். சில வருசத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்க பெரியப்பா அப்படித்தான் வந்து இறங்கினார். வலது காலில் செருப்பு நுழையவில்லை. பாதம் பலாக்காய் மாதிரி வீங்கி, அங்கங்கே புரையோடிச் சீழ் கசிந்தது.

"எப்ப இருந்து பெரியப்பா?"

"கருவேல முள்ளு தச்சு ரெண்டு வருசம் இருக்கும்ப்பா. வலிக்கவே இல்ல. அது பாட்டுக்குக் கெடந்துச்சு, விட்டுட்டேன்."

பரிசோதனை செய்த டாக்டர் சொன்ன நோயின் பெயரைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ப் பெயர்தான்: 'மதுரா ஃபுட்'. மதுரைக் கால்.

ஊர்ப் பெயரைச் சுமக்கும் நோய்

1842-ல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் கால் நோயைப் பற்றி எழுதி வைத்தார். அதிலிருந்துதான் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் 'மைசிட்டோமா' என்று பெயரிட்டார். சூடான், மெக்சிகோ போன்ற வறண்ட நாடுகளிலும் இது உண்டு. 2016-ல் உலக சுகாதார அமைப்பு, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது ஏன்? வெறுங்காலோடு காட்டில் வேலை செய்யும் உழவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்களுக்கு வரும் நோய் இது. ஏழை நோய்.

மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் முள்ளோடு சேர்ந்து தோலுக்கு அடியில் போய்விடுகின்றன. முதலில் வலியில்லாத ஒரு கட்டி. மாதக்கணக்கில், வருசக்கணக்கில் மெல்ல வளரும். பிறகு புரை வைத்து, சீழோடு சின்னச் சின்னக் குருணை வெளிவரும். விட்டால் எலும்பு வரை அரிக்கும். முள்கட்டு சுமக்கிறவர்களுக்குக் கையிலும் முதுகிலும் கூட வரலாம்.

ஒரே வீக்கம், இரண்டு நோய்

இங்கேதான் விசயமே இருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், இதை உண்டாக்குவது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும். பூஞ்சை என்றால் எத்தனை ஆன்டிபயாடிக் தின்றாலும் பிரயோசனமில்லை. அதற்குப் பூஞ்சைக் கொல்லி மருந்து வேண்டும், பல நேரம் அறுவையும் வேண்டும். கருப்புக் குருணை வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குருணையையும் கொஞ்சம் சதையையும் எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

பெரியப்பா என்ன செய்திருந்தார்? ஊரில் ஒரு மருந்துக் கடையில் காலைக் காட்டி, அஞ்சு நாள் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். கேட்கவில்லை என்றதும் வேறு மாத்திரை. இப்படி மூன்று தடவை. "இப்படி அரைகுறையா மருந்து உள்ள போனா, சோதனையில கிருமி சிக்காம ஒளிஞ்சுக்கும்யா" என்றார் டாக்டர்.

ஆறியது போல இருந்தது

நல்ல வேளை, அவருக்கு வந்தது பாக்டீரியா வகை. கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் அமிகாசின் ஊசியும் எழுதினார்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டார்கள். அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடும் என்பதால் நடுநடுவே இரத்தமும் காதும் சோதித்தார்கள். கடையில் கேட்டு வாங்கினால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

மூன்றாம் மாதம் புரை மூடியது. வீக்கம் வடிந்தது. "ஆறிப்போச்சு, இனி எதுக்கு இங்கிலீசு மருந்து" என்று பெரியப்பாவே நிறுத்திவிட்டார். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி சீழ். திரும்ப ஆரம்பித்து, ஒரு வருசத்துக்கு மேல் சாப்பிட்டார். கால் பிழைத்தது, இரண்டு விரல் மட்டும் மடங்காது.

பருத்திக் காய்ப்புழு கதை நமக்குத் தெரியும். மருந்துக்குத் தப்பிய புழுவின் வாரிசுதான் அடுத்த வருசம் காட்டை நிறைக்கும். கிருமியும் அப்படித்தான். தேவையில்லாமலும் அரைகுறையாகவும் மருந்து கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்க்கிறோம்.

மண் கொடுத்த மருந்து

ஆன்டிபயாடிக் என்றாலே ரசாயனம் என்று ஒதுக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1943-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். அதைத் தரும் நுண்ணுயிர் கிடைத்த இடங்களில் ஒன்று, நன்றாக எரு போட்ட வயல் மண். மழை பெய்ததும் எழும் மண்வாசனையைத் தருவதும் அதே குடும்பத்து நுண்ணுயிர்கள்தான். பிற்காலத்தில் மதுரைக் கால் நோய்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நோயைக் கொடுத்த மண்ணே மருந்தையும் கொடுத்திருக்கிறது.

அந்த மருந்தை வீணடிக்காமல் வைத்துக்கொள்வது நம் கடமை. மாட்டுக்கும் இதே நியாயம்தான். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால் கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலை விற்காதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள். அந்த மாட்டின் சாணத்தையும் கோமியத்தையும் ஜீவாமிர்தத்தில் சேர்க்க வேண்டாம். நுண்ணுயிரைப் பெருக்கும் தொட்டியில் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்து என்ன பயன்?

கைக்கொள்ள வேண்டியவை

- முள் காட்டில் செருப்போடு இறங்குங்கள். மண்ணை மதிப்பதற்கு வெறுங்கால் அவசியமில்லை.
- முள் தைத்தால் முழுசாக எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் சாணம், மண் அப்பாதீர்கள்.
- வலிக்காத கட்டி சில வாரத்தில் கரையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்பதே இந்த நோயின் அடையாளம்.
- அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அடுத்தவருக்கு எழுதியதையும், போன தடவை மிஞ்சியதையும் தொடாதீர்கள்.
- நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
- ஆறியது போலத் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும்.

பெரியப்பா இப்போதும் காட்டுக்குப் போகிறார். களைக்கொட்டு, தூக்குச் சட்டியோடு மறக்காமல் எடுத்துக்கொள்ளும் மூன்றாவது பொருள், செருப்பு.