பூட் மெனு காணாமல் போனால்

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டது. அடுத்த சில நாட்களில், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல லேப்டாப்களில் லினக்ஸ் எழவே இல்லை. ஏதோ பெரிய கோளாறு என்று திரையில் ஒரு வரி வரும், உடனே மெஷின் அணைந்துவிடும். சிஸ்டத்தை எழுப்பும் நிரல்தான் பூட்லோடர்; ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களை, நம்பகமற்ற நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்யத்தான் அந்த அப்டேட். இரண்டு சிஸ்டம் உள்ள கணினிகளை அது தொடாது என்றுதான் நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால், சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதே அதன் கண்ணில் படவில்லை.

தினப்படி வரும் தொல்லை இவ்வளவு பெரியதல்ல. ஒருநாள் எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வராது, நேராக விண்டோஸ் திறக்கும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பதறி, எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களே அதிகம். வீண் வேலை.

பழைய பயாஸ் காலத்தில் அந்தப் பயம் நியாயம். அன்று டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் பூட் நிரல் இருந்தது. கடைசியாக வந்த சிஸ்டம் முந்தையதை அழித்து எழுதிவிடும். ‘விண்டோஸை முதலில் போடு’ என்ற அறிவுரை அப்போது பிறந்ததுதான். இன்றைய யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் ஒரு சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனி ஃபோல்டர் உண்டு. எது முதலில் என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. பெரிய அப்டேட்டுக்குப் பின் மாறுவது பெரும்பாலும் அந்த வரிசைதான். யூஇஎஃப்ஐ செட்டிங்கில் நுழைந்து (எஃப்2, எஃப்10 என்று கம்பெனிக்கொரு விசை!) உபுண்டுவையோ ஃபெடோராவையோ மேலே ஏற்றினால் போதும்.

மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லையென்றால் விஷயம் வேறு. அந்த மெனுவைக் காட்டுவது லினக்ஸின் பூட்லோடரான கிரப்; 2021-இல் வந்த கிரப் 2.06, பிற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரைப் பாதுகாப்புக்காக நிறுத்திவைத்தது. கிரப்பின் செட்டிங் ஃபைலில் அதை மீண்டும் இயக்கி, மெனுவைப் புதுப்பிக்க வேண்டும். மெனு காத்திருக்கும் விநாடிகளும் அதே ஃபைலில்தான். கடைசியாகத் தேர்ந்தெடுத்த சிஸ்டத்தையே மறுமுறையும் எழுப்பச் சொல்லலாம்.

ஆகஸ்ட் அப்டேட் போன்ற சிக்கலில் செக்யூர் பூட்டில் கைவைக்க நேர்ந்தால், அதற்கு முன் ஒன்று: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கலாம். அதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய லேப்டாப்புக்குள் இருந்தால் எடுக்க முடியாது.