இடது தோளுக்கு ஒரு ரைஃபிள்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1998-ல் எடுத்த 'சேவிங் பிரைவேட் ரையான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஜாக்சனை நினைவிருக்கும். கடைசிச் சண்டையில் மணிக்கூண்டில் ஏறிக்கொண்டு ஜெர்மானியப் படையைக் குறிபார்த்துச் சுடுவாரே, அவர்தான். பாரி பெப்பர் நடித்த அந்தச் சிப்பாய் இடது கைக்காரர். கையில் இருப்பதோ வலது கைக்காரருக்காகச் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள். ராணுவத்தில் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் போர் முடிந்து ஊர் திரும்பி, சொந்தக் காசில் மான் வேட்டைக்கு போல்ட் ரைஃபிள் வாங்கப் போன இடது கை அமெரிக்கருக்கும் கடையில் அதே வலது கைத் துப்பாக்கியைத்தான் எடுத்து நீட்டினார்கள். 1950களின் கடைசி வரை இதுதான் நிலைமை. அதன் பிறகு இடது கைக்காரர்களுக்கென்றே தொழிற்சாலைகள் செய்த போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சின்னக் கூட்டம்தான். அவர்கள் சேர்க்கும் பொருள் அவர்கள் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

போல்ட் ஆக்‌ஷன் நமக்குப் புதிதல்ல. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரா நின்ற காவலரின் தோளில் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' அந்த வகைதான். என்.சி.சி. முகாமில் படுத்துக்கொண்டு பாயின்ட் டூ டூ சுட்டவர்களுக்கும் பழக்கமிருக்கும். ஒருமுறை சுட்டதும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும்; காலி உறை வெளியே தெறிக்கும். திரும்ப முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வலது கைக்காரர் இதைச் செய்யும்போது இடது கை துப்பாக்கியை அடியில் தாங்கியபடியே இருக்கிறது. கன்னம் துப்பாக்கியின் மரக் கட்டையை விட்டு எழவே வேண்டாம். கண்ணும் குறியை விட்டு விலகாது.

அதே துப்பாக்கியை இடது தோளில் வைத்துப் பாருங்கள். ஒன்று, இடது கையைத் துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கிக்கு மேலாக வளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால், தாங்கிப் பிடித்திருக்கும் வலது கையை எடுத்து போல்ட்டை இழுக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் குழல் ஆடும், குறி போய்விடும். மூக்குக்கு முன்னால் காலி உறை பறக்கும். வேட்டையில் இது வெறும் வசதிக் குறைவு இல்லை. முதல் குண்டு சரியாகப் படாமல் அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மறைவதற்குள் இரண்டாவது குண்டு போயாக வேண்டும்; விலங்கைத் துடிக்க விடாமல் முடிப்பது வேட்டைக்காரரின் முதல் கடமை. பாதுகாப்புக் காரணமும் ஒன்று உண்டு. எப்போதாவது தோட்டா உறை உள்ளேயே வெடித்துக் கிழிந்தால் சூடான வாயு, உறை வெளியேறும் திறப்பு வழியாகப் பீறிடலாம். வலது கைத் துப்பாக்கியில் அந்தத் திறப்பு வலது பக்கம் இருக்கிறது. இடது கைக்காரரின் முகமும் அதே பக்கத்தில்.

பிறகு ஏன் செய்யவில்லை? எல்லாம் ராணுவத்திலிருந்து வந்த வழி. பால் மவுசரின் 1898 மாடல் ஜெர்மன் படைக்காகச் செய்தது. வேட்டை ரைஃபிள்கள் அதைப் பார்த்தும், அதன் பாகங்களை வைத்தும் உருவானவை. 1936-ல் வந்த புகழ்பெற்ற வின்செஸ்டர் 70-ம் அந்தப் பரம்பரைதான். படைகளுக்குச் சிப்பாயின் கை முக்கியமில்லை. வலது கையால் சுடப் பழக்கினால் முடிந்தது. தொழிற்சாலைக்கோ அது செலவுக் கணக்கு. இடது கை ரைஃபிள் என்றால் கைப்பிடியைப் பிடுங்கி அந்தப் பக்கம் ஒட்டுவதோடு தீராது. போல்ட், அதில் வெட்டும் சரிவுத் தடங்கள், உறையைக் கவ்வி இழுக்கும் கொக்கி, அதை வெளியே தள்ளும் பாகம், போல்ட் ஓடும் ரிசீவர், எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் செய்யப்பட வேண்டும். மவுசர், வின்செஸ்டர் ரிசீவர்கள் அச்சில் அடித்து வடித்தவை. பத்துப் பேரில் ஒருவருக்காகத் தனி அச்சுச் செய்ய எந்த முதலாளிக்கும் மனம் வரவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 70-ல் தொழிற்சாலை இடது கை மாடல் என்று ஒன்றே கிடையாது. பணக்காரர்கள் கைதேர்ந்த துப்பாக்கிக் கொல்லர்களிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் லீவர் ஆக்‌ஷனுக்குப் போனார்கள். பழைய வின்செஸ்டர் 94 காலி உறையை மேல்பக்கமாக வீசும். லீவரோ அடியில், நடுவில். அதற்கு எந்தக் கையும் ஒன்றுதான்.

இதை முதலில் உடைத்தது, பணக்காரர்களுக்கான கம்பெனி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாவேஜ். நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த 110 மாடல் 1958-ல் வந்தது. விலை 109 டாலர் 95 சென்ட், அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அடுத்த ஆண்டே இடது கை வடிவம் கடைக்கு வந்துவிட்டது. புரூவரின் வேலையை நான் ரொம்பவும் மதிக்கிறேன். மலிவாகச் செய்ய வேண்டும் என்று அவர் எடுத்த முடிவுகளே இடது கைக்காரருக்கு வழி திறந்தன. போல்ட்டை ஒரே இரும்பில் கடையாமல், தலை தனி, உடல் தனி என்று துண்டுகளாகச் செய்து கோத்தார். குழலை ரிசீவரில் திருகி, ஒரு நட்டைப் போட்டு இறுக்கினார். துல்லியமாகக் கடையும் செலவு அதில் மிச்சம். பாதுகாப்புப் பொத்தானைக் கட்டை விரல் படும் இடத்தில், நட்ட நடுவில் வைத்தார். அது எந்தக் கைக்கும் பொது. திருப்பிச் செய்ய வேண்டிய பாகங்கள் இப்படிக் குறைந்ததும் கணக்கு கட்டுபடியாகிவிட்டது. அந்தக் கால 110 எம்.சி.எல். என்று முத்திரை போட்ட துப்பாக்கியில் கடைசி எழுத்துதான் இடது கையைக் குறிப்பது. அழகுக்குப் பெயர் வாங்கிய துப்பாக்கி இல்லை. குழலடியில் தெரியும் அந்த நட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இடது கை ரைஃபிள் சேகரிப்பு அந்த நட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேல்தட்டில், கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி தன் மார்க் 5 ரைஃபிளை இடது கைக்கும் செய்து கொடுத்தார். பளபளக்கும் வால்நட் கட்டை, போல்ட்டைப் பூட்டும் ஒன்பது பற்கள், பெரிய மேக்னம் தோட்டாக்கள். விலையும் அதற்கேற்ப.

ரெமிங்டன் நிதானமாகத்தான் வந்தது. 1962-ல் பிறந்த 700 மாடலின் ரிசீவர், உருளைக் கம்பியில் கடைந்து எடுக்கும் எளிய குழாய் வடிவம். திருப்பிச் செய்வது கஷ்டமே இல்லை. இருந்தும் 700-ன் பி.டி.எல். ரகம் இடது கையில் வர 1970கள் ஆகிவிட்டன. அதுவும் 270, 30-06, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்று மூன்றே நீளத் தோட்டாக்களில். என் மனசுக்கு நெருக்கமானது அதன் ஏழைத் தம்பி, 788. 1967 முதல் 1983 வரை செய்தார்கள். செதுக்கு வேலை எதுவும் இல்லாத சாதாரண மரக் கட்டை, கழற்றி மாட்டும் மேகசின். பூட்டுப் பற்கள் ஒன்பதும் போல்ட்டின் பின்பக்கம். மலிவு விலைக்குச் செய்த இந்தத் துப்பாக்கி குறி தவறாமல் சுட்டதில், அதைவிட விலை கூடிய 700-ஐயே வெட்கப்பட வைத்தது என்று இன்றும் பேசுகிறார்கள். இடது கை 788, 6 மி.மீ. ரெமிங்டன், 308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே கிடைத்தது. கைப்பிடியைப் போல்ட்டில் பற்றவைத்த இடம் சிலவற்றில் விட்டுப்போவதுண்டு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதை.

பழைய ரெமிங்டனை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வதிலேயே ஒரு சுகம் இருக்கிறது. ரிசீவருக்குச் சற்று முன்னால் குழலில் பொடி எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து மாதம். ஆங்கிலத்தில் 'பிளாக் பவுடர்' என்று எழுதி, கடைசியில் ஓர் எக்ஸ் சேர்த்தால் பன்னிரண்டு எழுத்து வரும். பி ஜனவரி, எல் பிப்ரவரி, ஏ மார்ச் என்று போய் எக்ஸ் டிசம்பரில் முடியும். அதையடுத்த எழுத்து வருஷம். அந்தத் தேதியும் துப்பாக்கியின் மற்ற அடையாளங்களும் ஒத்துப்போனால் குழல் மாறவில்லை என்று நம்பலாம். பிறகு கட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடது கைக்காரரின் கன்னம் கட்டையின் வலது பக்கத்தில் பதியும், ஆகவே பி.டி.எல்.லில் கன்னத்துக்கான மேடு வலது பக்கம் இருக்க வேண்டும். திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, ரிசீவரில் யாராவது புதிதாகத் துளை போட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

இங்கேதான் என் ஆதங்கம். இந்தத் துப்பாக்கிகளுக்கு எதிரி துரு இல்லை, இடது கைக்காரர்களேதான். தங்களுக்குப் பிடித்த தோட்டாவில் புது ரைஃபிள் செய்துகொள்ள விரும்புகிறவர்கள், பழைய இடது கை 700-ஐயோ சாவேஜையோ வாங்கி, ரிசீவரையும் போல்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். அவர்கள் அவஸ்தை புரிகிறது. இடது கை ரிசீவர் நினைத்தபோது கிடைக்காத காலத்தில் அது ஒன்றே வழியாக இருந்தது. இன்று அப்படி இல்லை. சாவேஜ், டிக்கா, ரூகர் எல்லாரும் இடது கையில் செய்கிறார்கள். இதில் விசித்திரம், சுடும் போட்டிகளில் வலது கைக்காரர்கள் சிலரே இடது பக்க போல்ட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். ட்ரிக்கரில் இருக்கும் கையை எடுக்காமல் மறு கையால் போல்ட்டை இயக்கலாம் என்பதற்காக. தேவைப்பட்டால் புதிதாக வாங்க வழி இருக்கும்போது, ஐம்பது வருஷம் முழுசாகத் தாக்குப்பிடித்த ஒன்றைப் பிரித்துப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமும் முழுசாக வைத்திருப்பவர் பக்கம்தான். அமெரிக்க மத்திய அரசு பழந்துப்பாக்கி சேகரிப்பாளர்களுக்கென்று தனி உரிமம் தருகிறது. மூன்று வருஷத்துக்கு 30 டாலர். செய்து 50 ஆண்டு ஆன துப்பாக்கி அந்தப் பட்டியலில் சேரும், ஆனால் அது மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். முதல் சாவேஜ்கள் எப்போதோ அந்த வயதைத் தாண்டிவிட்டன. 788-களும் 700-களும் இப்போது வருஷா வருஷம் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

ட்ரிக்கர் விஷயம் மட்டும் வேறு. 700-ன் பழைய ட்ரிக்கர், விரல் படாமலே சுட்டுவிடுகிறது என்ற புகார்கள் நீதிமன்றம் வரை போய், கம்பெனி இலவசமாக மாற்றித் தரும் ஏற்பாட்டில் முடிந்தன. போதாததற்கு, 1982-க்கு முந்தைய 700-களில் பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்காமல் போல்ட்டைத் திறக்கவே முடியாது. அதாவது தோட்டாவை வெளியே எடுப்பதற்கே அபாயத்தைத் திறந்துவிட வேண்டும். அலமாரியில் மட்டும் இருக்கப்போகும் துப்பாக்கிக்கு மூல ட்ரிக்கர் இருக்கட்டும். காட்டுக்குப் போகும் துப்பாக்கியில் அதை மாற்றியே தீர வேண்டும். இதில் சேகரிப்பின் தூய்மை பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

700-கள் பிறந்த நியூயார்க் மாநிலத்து இலியன் தொழிற்சாலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ரெமிங்டன் குடும்பத்தின் வேலை அந்த வட்டாரத்தில் தொடங்கியது 1816-ல். இலியன் முத்திரையோடு இனி ஒரு இடது கை ரைஃபிளும் வராது. இருப்பது இருப்பதுதான். தேய்ந்த குழலை மாற்றியே ஆக வேண்டிய நிலை வரலாம், வரட்டும். கழற்றிய குழலையும் கட்டையையும் ட்ரிக்கரையும் குப்பையில் போடாமல் எண்ணெய் தடவி, துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதிக் கட்டி வைத்து, விற்கும்போது துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். அடுத்து வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.