கொல்லும் வெள்ளணுவை அளந்தறிதல்

1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நம் நாட்டில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்தது. ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் ஏற்க மறுப்பதற்குத் திசுவின் மேலுள்ள அடையாளங்களே காரணம் என்பது அந்நாளிலேயே தெரிந்திருந்தது. ஆயின், உறுப்பு மாற்றுதலை அறியாத இயற்கை இவ்வடையாளங்களை ஏன் அமைத்தது? இதற்கு விடை அறுவைக் கூடத்திலிருந்து வரவில்லை. நச்சுயிரி புகுந்த உயிரணுக்கள் எத்தனை மடிகின்றன என்று கணக்கிட்ட ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது.

வைரஸ் என்னும் நச்சுயிரி தனித்துப் பெருக மாட்டாது. நம் உயிரணுவினுள் புகுந்தே பெருகும். அவ்வுயிரணுவையே அழித்து அதனைத் தடுப்பவை டி வெள்ளணுக்கள். அவை கொன்றவற்றை எங்ஙனம் எண்ணுவது? 1968இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் புருன்னர் குழுவினர் எளிய வழியொன்றை வகுத்தனர்.

நீலம் கரைத்த நீரை மண்குடங்களில் நிரப்பி, வாயடைத்து, நம் புதுக்கோட்டைச் சீமை ஊருணி ஒன்றில் இறக்கியதாகக் கொள்வோம். நீரில் பரவும் நிறத்தைக் கொண்டே உடைந்த குடங்களின் அளவைச் சொல்லிவிடலாம். இங்கு நீலத்தின் இடத்தில் இருப்பது கதிரியக்கக் குரோமியம் 51. உயிரணுக்கள் அதனை உட்கொண்டு தம் புரதங்களோடு பிணைத்துக்கொள்ளும். வெள்ளணுக்களோடு சில மணி நேரம் சேர்த்து வைத்தபின், மேலே தெளிந்த நீரை எடுத்து அதன் கதிரியக்கத்தை அளப்பர். வெளிவந்த குரோமியத்தை அருகிலுள்ள உயிரணுக்கள் மீண்டும் எளிதில் ஏற்பதில்லை என்பது இம்முறைக்கு வாய்த்த நற்பேறு.

மண்குடம் உடையாமலும் கசியும் அன்றோ? ஆகவே வெள்ளணு சேர்க்காத கிண்ணம் ஒன்றும், எல்லா உயிரணுக்களையும் மருந்தால் உடைத்த கிண்ணம் ஒன்றும் உடன் வைக்கப்படும். கசிவு 200, முழு உடைவு 1200, ஆய்வுக் கிண்ணம் 700 எனின், 200 கழித்த 500ஐ 200 கழித்த 1000ஆல் வகுக்க, மடிந்தவை 50 விழுக்காடு. கசிவே மிகுந்துவிட்டால் அன்றைய ஆய்வைக் கைவிடுவதே நேர்மை.

இம்முறையைக் கற்று 1973இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்குச் சென்றார் சுவிஸ் மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்நாகல். இடநெருக்கடியால் அவருக்குக் கிடைத்தது, கால்நடை மருத்துவர் பீட்டர் டோஹர்ட்டியின் அறை! எலிகளின் மூளையுறையைத் தாக்கும் நச்சுயிரி ஒன்றை இருவரும் ஆராய்ந்தனர். அந்நோயில் எலியைக் கொல்வது நச்சுயிரியன்று. அதனை விரட்ட வந்த வெள்ளணுக்களே. நோயுற்ற எலியின் வெள்ளணுக்கள், தம் இன எலியின் நச்சுயிரி புகுந்த உயிரணுக்களைக் கொன்றன. திசு அடையாளம் வேறுபட்ட எலியின் உயிரணுக்களில் அதே நச்சுயிரி இருந்தும் தீண்டாது விட்டன. அக்கிண்ணங்களில் வெறும் கசிவே தெரிந்தது.

வெள்ளணு நச்சுயிரியைத் தனியே காண்பதில்லை, தன் திசு அடையாளத்தோடு சேர்த்தே காண்கிறது என்பது இதனால் புலனாயிற்று. உறுப்பு மாற்றுவோர்க்கு இடையூறாகத் தோன்றிய அடையாளங்களின் உண்மைத் தொழில் இதுவே. 1974இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த இம்முடிவுக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

குரோமியம் 51இன் கதிரியக்கம் ஏறத்தாழ 28 நாள்களில் பாதியாகிவிடும். அதனைக் கையாளுதலும் இடர் மிக்கது. எனவே கதிரியக்கமற்ற சாயங்களும், உயிரணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் செலுத்தி எண்ணும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. அவற்றோடும் வெள்ளணு சேர்க்காத அந்தக் கிண்ணம் தவறாமல் வைக்கப்படுகிறது.