பற்களில் பதிந்த பிறந்த மண்

பஞ்சாப் மாநிலம் அமிருதசரஸுக்கு அருகில் உள்ள அஜ்னாலாவில், 2014-இல் பழைய கிணறு ஒன்றைத் தோண்டியபோது மனித எலும்புகளும் பற்களும் பெருமளவில் வெளிப்பட்டன. 1857 கிளர்ச்சியின்போது லாகூரை ஒட்டிய மியான்மீர் முகாமிலிருந்து தப்பியோடிய 26-ஆவது வங்காளக் காலாட்படைச் சிப்பாய்களைக் கொன்று கிணற்றில் இட்டதை, அன்றைய அமிருதசரஸ் துணை ஆணையர் பிரெடரிக் கூப்பர் தம் நூலில் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறார். ஆயினும், இவை 1947 பிரிவினைக் கலவரத்தில் மாண்டோரின் எலும்புகள் என்ற கருத்தும் நிலவியது. ஐயத்தைத் தீர்க்கப் பற்கள் உதவின.

எலும்பு வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுகிறது. பல்லின் எனாமலோ இளம்பருவத்தில் உருவானபின் மாறுவதில்லை. அப்போது குடித்த நீரின் ஆக்சிஜன் அதில் தங்கிவிடுகிறது. ஆக்சிஜனில் எடை மிகுந்த, குறைந்த ஐசோடோப்புகள் உண்டு. கடலிலிருந்து கிளம்பும் மேகம் எடை மிகுந்ததை முதலில் பொழிந்துவிடுவதால், உள்நாட்டு மழைநீரில் அதன் விகிதம் குறைகிறது. பாறையிலுள்ள ஸ்ட்ரான்சியமும் மண், பயிர் வழியே பல்லை அடைகிறது. உண்டது அரிசியா, கம்பு, கேழ்வரகா என்பதைக்கூடக் கார்பன் காட்டிக்கொடுக்கும்.

அஜ்னாலா ஆய்வு முடிவுகள் 2022-இல் வெளியாயின. 50 மாதிரிகளில் மரபணுவும் 85 மாதிரிகளில் ஆக்சிஜனும் சோதிக்கப்பட்டன. மரபணு சொல்வது மூதாதையரை. ஐசோடோப்பு சொல்வது வளர்ந்த இடத்தை. இரண்டுமே பஞ்சாபைக் காட்டவில்லை. உத்தரப் பிரதேசம், பிகார், வங்காளம் அடங்கிய கங்கைச் சமவெளியைக் காட்டின. வங்காளப் படைக்கு ஆள் எடுக்கப்பட்ட நிலப்பரப்பும் அதுவே.

இம்முறை குறிப்பிட்ட ஊரைச் சுட்டாது. ஒத்த நீரும் மண்ணும் உள்ள பரப்பையே சுட்டும். அதற்கும் முன்கூட்டியே வரைந்த நீர், மண் வரைபடம் வேண்டும். அடிப்படை ஆண்டு இல்லாத விலைக் குறியீட்டெண்ணால் என்ன பயன் என்று பொருளியல் மாணவரைக் கேட்டால் தெரியும்!

எங்கள் திருவேற்காட்டுக்கு இதில் என்ன அக்கறை என வாசகர் கேட்கலாம். அருகே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிகார், ஒடிசா இளைஞர்கள் திரளாக உழைக்கிறார்கள். ரயில் பாதையோரம் அடையாளம் தெரியாத உடலொன்று கிடைத்தால், எந்த மாநிலக் காவல் துறைக்குத் தகவல் அனுப்புவது? இந்தியா முழுவதும் தேடுவதற்கும் இரண்டு மாநிலங்களில் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு, காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பெரிது.

வரைபடம் தயாரிப்பதில் காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. கிணற்று நீரும் உள்ளூர் நெல்லும் உண்டு வளர்ந்த தலைமுறையின் பற்களில் ஊர் தெளிவாகப் பதிந்திருக்கும். இன்றைய சென்னைக் குழந்தை குடிப்பதோ கிருஷ்ணா நீர், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீர், தாதுக்கள் வடிகட்டப்பட்ட கேன் தண்ணீர். உண்பது ஆந்திர அரிசி. சந்தை விரிய விரியப் பல்லில் ஊரின் தடம் மங்குகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதியோருக்கு அங்கு பிடுங்கப்படும் பற்களை, அவர்களின் இசைவோடு, பெயரை விடுத்துப் பிறந்து வளர்ந்த ஊரை மட்டும் குறித்துத் தடய அறிவியல் துறையிடம் சேர்ப்பிக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.