கடற்பந்தயமும் கலங்காக்கும் பயிற்சியும்



விளையாட்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எல்லை வகுத்த ஒரு மைதானமாகும். அங்கே களைத்தவர் விலகலாம். மழை பெய்தால் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆனால், களைத்தவர் விலகவும் புயலெழுந்தால் நிறுத்தவும் இயலாத விளையாட்டொன்று உண்டு. அதுவே ஆழ்கடற் பாய்க்கலப் பந்தயம்.

இத்தகைய பந்தயங்களுட் புகழ்வாய்ந்தது பாஸ்ற்நெற் பந்தயம். 1925ஆம் ஆண்டு ஏழு கலங்களுடன் இது தொடங்கிற்று. இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைற் தீவிலிருந்து புறப்படும் கலங்கள், அயர்லாந்தின் தென்மேற்கிலுள்ள பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றித் திரும்பும். பிளிமத் துறைமுகத்தில் முடிவடைந்த காலத்திற் பந்தயத் தூரம் ஏறக்குறைய 605 கடல் மைல். 2021 முதல் பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் முடிவடைவதால், 695 மைலாயிற்று.

இதிற் கலந்துகொள்வோருட் பெரும்பாலார் கடலோடுதலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். வாரநாள்களிற் கந்தோரிலும் வகுப்பறையிலும் பணிபுரிந்து, ஓய்வு நாள்களிற் கடலை நாடுவோரே அவர்கள். அதனால், பல மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம் தொடங்கும். காற்றின் வேகம் இருமடங்கானால், பாயைத் தாக்கும் விசை நான்மடங்காகும். ஆகவே, காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்குதல் வேண்டும். இதனைக் காரிருளிலும் கைதடுமாறாது செய்யப் பழகுவர். நீரில் வீழ்ந்தவரை மீட்கக் கலத்தைத் திருப்பும் வகையையும் பயில்வர். மார்பையும் தோளையும் பிணிக்கும் பாதுகாப்பு வாரினைக் கலத்துடன் கொளுவிக்கொள்ளாது மேற்றளத்தில் நடமாடலாகாது என்பது அவர்தம் விதி. ஒருசாரார் உறங்க ஒருசாரார் விழித்திருந்து, முறைவைத்துக் கலத்தைச் செலுத்துவர்.

இந்த ஆயத்தங்கள் யாவும் 1979ஆம் ஆண்டு சோதனைக்குள்ளாயின. அவ்வாண்டு ஒகஸ்ட் 11ஆந் திகதி 303 கலங்கள் புறப்பட்டன. அந்நாளைய விதிப்படி அவற்றில் வானொலி வாங்கியொன்று இருந்தாற் போதுமானது. மறுமொழி அனுப்பும் கருவி கட்டாயமன்று. 13ஆந் திகதி இரவு, பத்தாம் வலுப் புயல் நெருங்குவதாக வானொலி எச்சரித்தபோது, பல கலங்கள் கரைக்கு நெடுந்தூரத்தில் நடுக்கடலில் நின்றன. பத்தாம் வலு என்பது மணிக்கு 48 முதல் 55 கடல் மைல் வேகமாகும். அலைகள் கலங்களைப் புரட்டின, பாய்மரங்கள் முறிந்தன, அறைகளுள் நீர் புகுந்தது. உலங்குவானூர்திகளும் கப்பல்களும், தொண்டர்கள் செலுத்திய மீட்புப் படகுகளும் விரைந்து பலரைக் காத்தன. எனினும், பந்தயத்திற் சென்றோருள் 15 பேர் உயிரிழந்தனர்.

பின்னர் நடந்த விசாரணையின் அறிக்கை சிந்திக்கத்தக்கது. 24 கலங்கள் கைவிடப்பட்டன. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. உயிரிழந்தோருள் எழுவர், உயிர்காப்புத் தெப்பங்களை நம்பிச் சென்ற சந்தர்ப்பங்களில் மாண்டனர். அந்த எழுவரும் விட்டு நீங்கிய கலங்களோ, பின்னர் மிதந்தபடியே காணப்பட்டுத் துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்டன!

இது ஏன் நிகழ்ந்தது? பாய்க்கலத்தின் அடியிலே கனத்த ஈயப் பாரம் பொருத்தப்பட்டிருக்கும். கலம் கவிழினும், அப்பாரம் அதனைப் பெரும்பாலும் மீண்டும் நிமிர்த்திவிடும். தெப்பத்துக்கோ அத்தகைய பாரமில்லை. இவ்வுண்மையை அறியாதவர்கள் என்றோ கோழைகள் என்றோ அவர்களைப் பழித்தல் தகாது. இருளிலே, குளிரிலே, மீண்டும் மீண்டும் புரட்டப்பட்ட மனிதனுக்குத் தான் நிற்கும் கலமே எமனாகத் தோன்றுதல் இயல்பு. அத்தகைய வேளையில் அறிவு பின்தங்கும். பழக்கமொன்றே முன்வந்து துணைநிற்கும்.

கலம் அமிழ்ந்து, தெப்பத்துக்கு மேல்நோக்கி ஏறவேண்டிய நிலை வரும்வரை அதனை விட்டகலாதே என்பது கடலோடிகள் கைக்கொள்ளும் முதுமொழி. அவ்வனர்த்தத்தின்பின், செய்தி அனுப்பவல்ல வானொலிக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. பாதுகாப்பு வார், தெப்பம் ஆகியவற்றின் அமைப்பும் ஆராய்ந்து திருத்தப்பட்டது. பந்தயம் நிறுத்தப்படவில்லை, ஆயத்தமே கடுமையாக்கப்பட்டது.

நேயர்களே, கடலை நாம் வெல்வதில்லை. அது நம்மைக் கடந்துபோக விடும்வரை, நிலைகுலையாது காத்திருக்கவே கற்கிறோம். அந்தப் பாடத்தைப் புயலிடம் கற்க நேரமிராது; அமைதியான நாள்களிலேயே கற்றுக்கொள்ளல் வேண்டும்.