பயணத்துக்கு ஒரு சிட்டை: சிறிய மடிக்கணினி வாங்குவோர் கவனத்துக்கு



சரக்கு வாங்க வெளியூர் போகும்போது நம் பெரியவர்கள் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. பேரேடு கடையில் பெட்டிக்குள் இருக்கும். அவர்கள் பையில் இருந்தது ஒரு சிட்டை. விருதுநகரில் வத்தல் என்ன விலை, யாருக்கு எத்தனை மூட்டை சொல்லியிருக்கிறது, கையில் ரொக்கம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊர் திரும்பியதும் சிட்டையிலிருந்து நாள்வழிக்கும், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும் கணக்கு ஏறும். சிட்டை பஸ்ஸில் தொலைந்தால் இரண்டு நாள் கணக்குத்தான் போகும். வியாபாரம் போகாது.

பயணத்துக்குச் சிறிய மடிக்கணினி வாங்க நினைக்கும் உறுப்பினர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் இதுவரை மூன்று மடிக்கணினி வாங்கி, ஒன்றில் பணத்தைக் கோட்டை விட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பயண மடிக்கணினி என்பது நமக்குச் சிட்டை, பேரேடு அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

போன் போதாதா?

விலை கேட்க, பணம் அனுப்ப, ஈ-வே பில் எண்ணைப் பார்க்கப் போன் போதும். மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய் வருகிறவர்கள் மடிக்கணினி வாங்கவே வேண்டாம். ஆனால் வெளியூரில் இரண்டு மூன்று நாள் தங்கி, கமிஷன் கடைக் கணக்கை நேர் செய்து, ஐம்பது பில்களைச் சரிபார்க்க வேண்டியவருக்குப் போன் திரை கண்ணைக் கெடுக்கும். நம் வயதில் வெள்ளெழுத்து வேறு. 5,600 என்பது 5,000 என்று கண்ணில் பட்டால் நட்டம் யாருக்கு?

மலிவு மடிக்கணினி வந்த கதை

சிறிய, விலை குறைந்த மடிக்கணினியை உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது தைவானின் ஆசுஸ் நிறுவனம். 2007-ல் ஈ பிசி என்ற பெயரில் வந்த அதன் திரை 7 அங்குலம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மற்ற கம்பெனிகளும் போட்டிக்கு வர, ‘நெட்புக்’ என்று ஒரு ரகமே உருவானது. ஆனால் விசைகள் நெருக்கம், வேகம் குறைவு. டேப்லட்டும் பெரிய போனும் வந்த பிறகு, 2013 வாக்கில் அந்த ரகம் மறைந்தே போனது. விலையும் எடையும் மட்டும் குறைந்தால் போதாது, வேலையும் நடக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

நம் பக்கத்தில் பல கடைகளுக்கு மடிக்கணினி அறிமுகமானது வேறு வழியில். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில்தான் நம்மில் பலர் முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். என் கடைக் கணக்குப்பிள்ளை அவர் தங்கையின் மடிக்கணினியில்தான் எனக்கு டேலியைத் திறந்து காட்டினார்.

நான் ஏமாந்த விதம்

நான் முதலில் வாங்கியது விலை மிகக் குறைந்த ஒரு 11 அங்குல மடிக்கணினி. கம்பெனிப் பெயர் வேண்டாம். அதன் சேமிப்பு இடம் 32 ஜிபி. “அண்ணாச்சி, உங்க கணக்குக்கு இதுவே தாராளம்” என்றார் கடைக்காரத் தம்பி. கணக்குக்குத் தாராளம்தான், விண்டோஸுக்குப் போதவில்லை. மூன்றாம் மாதம் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடம் இல்லாமல், வெளியூர் மண்டியில் தரகர் எதிரே அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே நின்றது. திறந்து பெரிய டிஸ்க் போடலாமா என்றால், சேமிப்பு பலகையோடு ஒட்டியிருக்கிறது, மாற்ற முடியாது என்றார்கள். மலிவு என்று வாங்கியது இரட்டைச் செலவு ஆயிற்று.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. எந்த மென்பொருள்? முதலில் இதைக் கேளுங்கள். டேலி விண்டோஸில் ஓடுவது. 2023-ல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் 990 கிராம் எடை, 11.6 அங்குலத் திரை. படிக்கிற பிள்ளைக்குச் சரி. ஆனால் அதில் இருப்பது விண்டோஸ் அல்ல, ஜியோ ஓ.எஸ். குரோம்புக் ரகமும் இப்படித்தான். நம் கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக ஏறாது. பிரவுசரில் வேலை முடிக்கிறவர்கள் மட்டும் இவற்றை யோசிக்கலாம்.

2. சேமிப்பும் ரேமும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. அது உயிரோடு இருக்கத்தான் போதும், வேலைக்குப் போதாது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கேளுங்கள். ‘ஈ.எம்.எம்.சி.’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பலகையோடு ஒட்டிய, வேகம் குறைந்த சேமிப்பு என்று அறியவும்.

3. திரை. 11 அங்குலம் இளைஞருக்கு. நம் கண்ணுக்கு 12.5 முதல் 14 அங்குலம் வரை ஏற்றது. கடையிலேயே உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பில்லைத் திறந்து படித்துப் பாருங்கள்.

4. விசைப்பலகை. சிறிய மடிக்கணினிகளில் வலப்பக்கம் எண் விசைகள் இருக்காது. யு.எஸ்.பி.யில் செருகும் தனி எண் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நமக்கு அது அவசியம். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடிக்க விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை அது.

5. எடை. விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. இரண்டையும் நம் கடைத் தராசிலேயே வைத்து நிறுத்துப் பாருங்கள். மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் தோள் தாங்கும். டைப்-சி சார்ஜரில் ஏறும் ரகமாக இருந்தால் போனுக்கும் மடிக்கணினிக்கும் ஒரே சார்ஜர் போதும்.

6. பேட்டரி. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி ரயிலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் வசதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று ரயில்வே 2021-ல் வலியுறுத்தியது. வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். வாகைக்குளத்திலிருந்து விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்கோடு போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

7. காற்றாடி. இது நம் ஊருக்கே உரிய விஷயம். உப்புக் காற்று ஒரு பக்கம், கிட்டங்கியில் வத்தல் தூளும் மஞ்சள் தூளும் மறு பக்கம். உள்ளே காற்றாடி உள்ள மடிக்கணினி இதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். 2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் பிராசசர் உள்ளவற்றில் சில காற்றாடியே இல்லாமல் வருகின்றன. கணக்குக்கு அந்த வேகம் போதும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், கண் திறந்து பார்த்து. சென்னை ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்த மடிக்கணினிகள் கிடைக்கின்றன. லெனோவா திங்க்பேட் எக்ஸ்280, டெல் லாட்டிட்யூட் 7290 ஆகியவை 12.5 அங்குலத் திரையும் உறுதியான உடலும் கொண்டவை. ஒன்றை மறக்கக் கூடாது: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எனவே விண்டோஸ் 11 ஏறும் மடிக்கணினியாகக் கேளுங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. பேட்டரி தேய்ந்திருக்கும், புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். திருட்டுச் சரக்கா என்று தெரியாது.

வெள்ளம் கற்றுக்கொடுத்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். நான் ஏலக்காய் வாங்கப் போடிநாயக்கனூர் போயிருந்தேன். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் மதுரையில் மூன்று நாள் தங்கினேன். இங்கே கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர். சீனி மூட்டை கரைந்தது. கடைக் கம்ப்யூட்டரும் பழைய நோட்டுகளும் மூழ்கின. பொருள் போனதைவிட, யார் யார் எவ்வளவு பாக்கி என்பது போய்விட்டதே என்றுதான் முதலில் நெஞ்சு பதறியது.

வெள்ளிக்கிழமை இரவு புறப்படும் முன் மொத்தக் கணக்கின் நகலை என் சிறிய மடிக்கணினியில் ஏற்றியிருந்தேன். அதுதான் மிஞ்சியது. தண்ணீர் வடிந்த பிறகு ஏரலிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். “அண்ணாச்சி, என் நோட்டெல்லாம் தண்ணியோட போயிட்டு. உங்க கணக்குல என் பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க” என்றார். பார்த்துச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சனிக்கிழமை ரெண்டு மூட்டை சீனி எடுத்தேன். அது இதுல ஏறியிருக்காது. சேத்துக்கிடுங்க” என்றார். அவருடைய கடையே போயிருந்தது. அவருக்குத் தவணை கொடுக்க நான் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பேரேடு கடையில், ஒரு நகல் பயண மடிக்கணினியில், இன்னொரு நகல் வீட்டு மாடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மடிக்கணினி தொலைந்தால் கடை இருக்கிறது. கடை மூழ்கினால் மடிக்கணினி இருக்கிறது. இது வெறும் முன்ஜாக்கிரதை மட்டுமல்ல, சட்டமும்கூட. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் மீட்கும்படி மின்னணுக் கணக்குக்கு நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. அந்தக் கணக்கை ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை

மடிக்கணினியில் நம் கணக்கு மட்டுமா இருக்கிறது? நம்மை நம்பிக் கடன் சொன்னவர்கள் பெயரும் இருக்கிறது. ஆகவே பூட்டுச் சொல் இல்லாமல் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கையே பூட்டும் வசதி உண்டு. விற்பவரிடமே போட்டுத் தரச் சொல்லுங்கள், அதன் மீட்புக் குறியீட்டை வீட்டில் எழுதி வையுங்கள். லாட்ஜ் வை-ஃபை வேண்டாம். உங்கள் போன் இணைப்பிலேயே வேலை பாருங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். பதிவு செய்த போன் உங்களோடு போடியில் இருந்தால், தூத்துக்குடியில் லாரி காத்து நிற்கும். புறப்படும் முன் கடையில் இருப்பவருக்குத் துணைப் பயனராக, அவர் போன் எண்ணோடு தனிக் கணக்கு போட்டுவிடுங்கள்.

மற்றபடி, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். தொலைந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய விலையில், கண்ணுக்கும் தோளுக்கும் ஒத்துவருகிற ஒன்றை வாங்குங்கள். புறப்படும் நாள் இரவு நகல் எடுக்க மறவாதீர்கள்.